வேலைக்குக் கூப்பிட்ட காரணம்

பொது அரங்குகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். மாடிப்படி ஏறும்போதே மேலே "வருது, வருது" என்று ஒரு கிசுகிசுப்பும் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் கேட்டால் தெரியாமல் இருக்குமா? அவள் அதற்காகக் கோபப்பட்டதும் இல்லை. உன் வேலை என்ன என்று யாராவது ஒரே சொல்லில் கேட்டிருந்தால், அவளும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருப்பாள்.

பத்தொன்பது வருடம் அந்த வேலை. ஊரில் எந்த அரங்கில் கூட்டம் கூடுவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் அவள் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கின்றனவா, நடைபாதை போதிய அகலம் இருக்கிறதா, நாற்காலி எத்தனை, தரையில் ஓடும் வயர் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா. அளவு நாடா எப்போதும் கைப்பையில் இருக்கும். ஒரு மண்டபத்தில் 'வெளியேறும் வழி' என்று பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கீழே தொங்கிய திரையை விலக்கினால் செங்கல் சுவர். மண்டபக்காரர் கொஞ்சமும் கூசாமல், "விளக்கு நல்லாத்தானே எரியுது மேடம்" என்றார். அப்படிப்பட்ட மனிதர்களோடு பத்தொன்பது வருடம் பழகியவளுக்கு, யார் சிரித்தாலும் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர் இருப்பதாகவே தோன்றும்.

வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டில் பழம் வெட்டிக் கொடுத்தனுப்பினால், "எதுக்காம்?" என்பாள். கடைக்காரர் ஒரு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், இரண்டையும் மோந்து பார்ப்பாள். அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வார்: "எங்க பயிற்சிப் பள்ளி வண்டியில ரெண்டு பிரேக் இருக்கும். என் குடும்பத்துலயும் அப்படித்தான். என்கிட்ட இருக்கறது சும்மா பேருக்கு. நிஜமா வேலை செய்யற பிரேக்கு இவ கால்லதான்."

கண் மருத்துவர்கள் மாநாடு ஒன்றுக்காக அவள் அந்தப் பெரிய அரங்குக்குப் போன அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. மூன்று நாள் மாநாடு, தொள்ளாயிரம் பேர். ஏற்பாடு செய்த நிறுவனத்தின் தலைவி ஐம்பதை ஒட்டிய வயதுக்காரி. குட்டையாக வெட்டிய நரைமுடி, ஓட்டப்பந்தயத்துக்குப் போடுகிற மாதிரி ஷூ, கழுத்தில் இரண்டு போன். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவரை முதலாளியம்மா என்றார்கள்.

அவள் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "கடைசி வரிசை ஸ்டால் எல்லாம் பின்கதவு வழியை மறைக்குது. நாற்பது சென்டிமீட்டர் உள்ள தள்ளணும்."

வழக்கமாக இந்த இடத்தில் கெஞ்சல் ஆரம்பிக்கும். இந்த ஒரு தடவை மட்டும் மேடம், ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் மேடம் என்பார்கள். முதலாளியம்மா கெஞ்சவில்லை. திரும்பி, "விசில்!" என்று ஒரு சத்தம் போட்டார். மேடைப் பக்கத்திலிருந்து ஒல்லியான ஒரு ஆள் ஓடிவந்தார். அரங்க வேலை முழுவதையும் மேய்ப்பவர் அவர்தான். வாயில் இரண்டு விரலை வைத்து ஊதினால் அரங்கின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் என்பதால் அந்தப் பெயர்.

"கடைசி வரிசை மொத்தமும் நாற்பது உள்ள வரணும்."

"மொத்தமுமா? இருபத்திரெண்டு ஸ்டால்மா!"

"அப்போ இருபத்திரெண்டு தடவை தள்ளு."

பூதக்கண்ணாடிக்கு இது பிடிக்கவில்லை. சின்ன விஷயத்தில் சண்டை போடாதவர்கள் பெரிதாக எதையோ மறைக்கிறார்கள் என்பது அவள் கணக்கு. அதனால் போகாமல் அங்கேயே நின்றாள். மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஜெனரேட்டர் அறையைத் திறக்கச் சொன்னாள். பொருள் வைக்கும் அறையில் அட்டைப்பெட்டிகளை நகர்த்தச் சொல்லி அதற்குப் பின்னால் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதது அவளை இன்னும் உறுத்தியது.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த அரங்கு மாறுவதைப் பார்த்தாள். அவள் வந்தபோது அது ஒரு காலிக் கிடங்கு. சிமென்ட் தரை, எதிரொலி, தூசி. மதியத்துக்குள் நீலக் கம்பளம் உருண்டு உருண்டு விரிந்தது. தலைக்கு மேலே விளக்குகள் வரிசையாக ஏறின. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட சின்னச் சின்னக் கோடுகளின் மேல், யாரும் யாரையும் கேட்காமல், மேசைகள் வந்து உட்கார்ந்தன. நாலு மணிக்கு அது பல வருடமாகவே அப்படி இருந்த இடம் போல இருந்தது. அத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான அரங்குகளை அவள் அளந்திருக்கிறாள். ஒன்றுகூட உருவாவதை நின்று பார்த்ததில்லை. கண்காணிக்கத்தான் நிற்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை மாநாடு தொடங்கும்போதும் போய் நின்றாள். அதற்கு அவசியமே இல்லை.

அதே நிறுவனத்தின் இன்னொரு நிகழ்ச்சியில், ஓட்டல்காரர்களின் பரிசளிப்பு விழா அது, பால்கனியைத் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். கைப்பிடிக் கம்பி ஆடியது. நூற்று நாற்பது இருக்கை போயிற்று. முதலாளியம்மா ஒரு தூணைச் சுற்றி ஒரு நடை நடந்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு, "சரி, மூடுங்க" என்றார். அதற்கு அடுத்த தடவைதான் அந்தப் பேச்சு வந்தது. வேலை முடிந்து, காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள்.

"நீங்க பேசாம எங்ககிட்ட வந்துடுங்களேன்" என்றார் முதலாளியம்மா.

"எங்க?"

"வேலைக்குத்தான். எத்தனை நாளைக்கு அடுத்தவங்க கட்டினதை அளந்துட்டே இருப்பீங்க?"

அவள் டீயைப் பாதியில் வைத்தாள். "இதை நீங்க என்கிட்ட சொல்லியிருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னார் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார், இனி அந்த நிறுவனத்தின் விண்ணப்பங்களை வேறு யாராவது பார்க்க வேண்டும் என்று நாலு வரி எழுதினாள். தபால் பிரிவில் கொடுத்து முத்திரை குத்தி எண் போட்டு வாங்கினாள். ஒரு நகலிலும் அதே முத்திரையைக் குத்தச் சொல்லி அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

பிரிவுத் தலைவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பேச்சுக்குச் சொல்றதையெல்லாம் ஃபைல்ல போடுவாங்களாம்மா?"

"பேச்சுக்குத்தான் சொன்னாங்களான்னு எனக்குத் தெரியல சார். அதனாலதான்."

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த நிறுவனத்தின் கண்காட்சிகளுக்கு அவள் சொந்தமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தாள். எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடித்தே தீர வேண்டும் என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அங்கே வேலை செய்கிறவர்களிடம், ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவள் போலப் பேச்சுக் கொடுத்தாள். பெரும்பாலும் அவர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

எல்லோரிடமும் குறை இருந்தது. காலையிலிருந்து நின்று நின்று முட்டி கழன்றுவிட்டது என்றாள் வருகிறவர்கள் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையை, அதாவது பேஜை, அச்சடித்துக் கொடுக்கும் பெண். கட்டின பெண்டாட்டியின் பிறந்தநாளுக்கு மூன்று வருடமாக வீட்டில் இருந்ததில்லை என்றார் வயர் இழுக்கிறவர். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டதே இல்லை என்றாள், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் பெண்.

"அப்புறம் ஏன் இங்கயே இருக்கீங்க?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

வயர்காரர் தலையைச் சொறிந்தார். "தெரியலீங்க. இதுக்கு முன்னாடி ஒரு கிடங்குல இருந்தேன். அங்க திங்கக்கிழமை எப்படியோ வியாழக்கிழமையும் அப்படியே இருக்கும். எது எந்த நாள்னே மறந்துடும்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னாள்: "போன வாரம் மூணு நாள் தேனீ பத்திப் பேசினேன். இந்த வாரம் அடுப்பு. அடுத்த வாரம் எலும்பு முறிவு. எனக்கு இப்போ ராணித் தேனீக்கு என்ன நோய் வரும்னு தெரியும். வேற எந்த வேலையில இதெல்லாம் தெரிஞ்சுக்க முடியும், சொல்லுங்க?"

பேஜ் பெண் யோசித்துப் பார்த்துவிட்டு, "கடைசி நாள் எல்லாரும் கிளம்பும்போது அவங்க மூஞ்சியைப் பாருங்க. அது போதும்" என்றாள்.

இதையெல்லாம் அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். எல்லோரும் குறை சொல்கிறார்கள், ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. இதுதான் அவளுக்குப் பெரிய சந்தேகம். என்ன சொக்குப்பொடி போட்டு வைத்திருக்கிறார்கள் இவர்களுக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில்லறை தேடி அவளுடைய கைப்பையைத் திறந்த கணவரின் கையில் டிக்கெட் கிழிசல்கள் அகப்பட்டன. மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"தேனீ வளர்ப்பு. சமையலறைச் சாமான். மரச்சாமான். மீன்தொட்டி." நிமிர்ந்து பார்த்தார். "நம்ம வீட்ல மீனே இல்லையே. யாரைப் பார்க்கப் போற நீ?"

"யாரையும் இல்ல. ஒரு கம்பெனி மேல சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

அவள் கிழிசல்களைப் பொறுக்கித் தேதி வாரியாக அடுக்கினாள். "அங்க வேலை பார்க்கறவங்க சந்தோஷமா இருக்காங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு அங்க போகணும்னு ஆசை. அதை ஒத்துக்க மனசு வராம துப்புத் துலக்கிட்டு இருக்க" என்றார்.

அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அவர் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பேருந்தில் போகும்போதும் அரங்குகளை அளக்கும்போதும் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். போனால், அன்றைக்கு அவர்கள் வீசிய தூண்டிலில் மாட்டிக்கொண்டதாக ஆகாதா? போகாவிட்டால், ஓய்வு பெறும் வரை இப்படி டிக்கெட் வாங்கிக்கொண்டு அலைவதா? அவள் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் கழியட்டும் என்று காத்திருந்தாள். அந்த ஒரு வருடம் அந்த நிறுவனத்தின் ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. பிறகு போன் செய்தாள்.

"ஒரு வருஷமா யோசிச்சீங்க?" என்றார் முதலாளியம்மா.

"இல்ல. ஒரு வருஷமா விசாரிச்சேன்."

அலுவலகத்தில் அவள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்த அன்றே காற்று மாறிவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட தோழி, அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். "எதைக் காட்டிக் கூப்பிட்டாங்களோ" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நூறு பேரைச் சந்தேகப்பட்டவளுக்கு, தன்னைச் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. கடைசி நாளில், அவள் முன்பு அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதிகளை எல்லாம் மறுபடி ஆராயப்போவதாகப் பிரிவுத் தலைவர் சொன்னார். அவளுடைய மேசை இழுப்பறைக்கு அவள் கண்ணெதிரிலேயே பூட்டுப் போட்டார்கள்.

விசாரணை முடியும் வரை புது இடத்திலும் அனுமதி சம்பந்தமான எதையும் அவள் தொட முடியாது. அதனால் முதலாளியம்மா அவளை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார். வருகிறவர்களின் பெயரைப் பட்டியலில் பார்த்து பேஜ் எடுத்துக் கொடுக்கும் வேலை. வாயை அடைத்தாகிவிட்டது, அதனால் ஒரு மூலையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

கூட வேலை செய்தவர்களுக்கோ வேறு சந்தேகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேள்வி கேட்டவள் இவள்தான் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அரசாங்கம் அனுப்பிய உளவாளி என்று பேசிக்கொண்டார்கள். எல்லோரும் மேடம் மேடம் என்றார்கள். அவள் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். பழைய வயர்ச் சுருள்களை விசில் அவசர அவசரமாக வேனுக்குள் தள்ளுவார். "மேடம் வர்றாங்கப்பா, மூச்சைக்கூட டேப் போட்டு ஒட்டுங்க" என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்ததை, தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்றுகொண்டு அவள் கேட்டாள். மதியம் தனியாகச் சாப்பிட்டாள்.

மூன்றாவது மாதம் இதய நோய்ப் பிரிவுச் செவிலியர்களின் மாநாடு வந்தது. அறுநூறு பேர். காலை பத்து மணிக்கு முக்கியப் பேச்சாளர் பேச வேண்டும். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பூதக்கண்ணாடி சரக்கு இறக்கும் பின்வாசல் பக்கம் போனாள். அங்கே ஒரு ஆள் பெரிய கறுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். வியர்த்து வழிந்தது. கழுத்தில் தொங்கிய பேஜில் ஒரு பெண்ணின் பெயர்.

"யாரு சார் நீங்க?"

"பேச வந்திருக்கேன்மா. நேரமாச்சு."

"பேச வர்றவங்க முன்வாசல்லதான் வருவாங்க."

"டாக்ஸிக்காரன் இங்க இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான்."

"பேஜ்ல லேடி பேரு இருக்கே?"

அவர் குனிந்து பார்த்தார். "அட, என் உதவியாளரோடது. நீங்க முன்னாடியே அனுப்பி வச்சதுல மாத்தி எடுத்துட்டேன் போல."

"பெட்டியில என்ன?"

"இதயம்மா."

தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொருள் வைக்கும் அறைக்கு அவரைக் கூட்டிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வாசலில் காவலாளியை நிறுத்தினாள். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியை எடுத்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. விசிலைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அன்று காலைதான் அவர்கள் எல்லோரும் சேனலை மாற்றியிருந்தார்கள், அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கிறாளே என்பதற்காக. யாரும் பதில் சொல்லாததால் அவளுடைய சந்தேகம் இரண்டு மடங்கானது. இந்த ஆளுக்கு உள்ளே துணை இருக்கிறது என்றே முடிவு கட்டினாள்.

அரங்குக்குள் அறுநூறு பேர் காத்திருந்தார்கள். மேடையில் வரவேற்புரை முடிந்து, அதையே இன்னொரு தடவை வேறு மாதிரி சொல்லியும் முடித்தாயிற்று. முதலாளியம்மாவின் இரண்டு போனும் பேச்சாளரைத் தேடிக்கொண்டிருந்தன. பேச்சாளருடைய போனோ அவர் பையில் அணைந்து கிடந்தது. அப்போது விசில் என்ன நினைத்தாரோ, கம்பியில்லா மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, முதல் வரிசையில் இருந்த ஒரு வயதான செவிலியரிடம் நீட்டினார். "நீங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னம்மா நடந்துச்சு?"

அந்த அம்மா எழுந்து, "மயங்கி விழுந்துட்டேன். எனக்கு உதவிக்கு ஆள் வரணும்னு நோயாளிதான் மணியடிச்சாரு" என்றார்.

அரங்கு சிரிப்பில் அதிர்ந்தது. அதற்குள் அடுத்த வரிசையில் பத்துக் கைகள் உயர்ந்தன. ஒருத்தி முதல் நாள் வழி தெரியாமல் சலவை அறையிலேயே அரை நாள் இருந்தாளாம். இன்னொருத்தி, தன் கையைப் பிடித்தபடியே ஒரு கிழவர் இறந்துபோனதைச் சொன்னாள்.

டீ தேடிக்கொண்டு பின்பக்கம் வந்த மொழிபெயர்ப்பாளர், திறந்திருந்த அறைக்கதவு வழியாக எட்டிப் பார்த்து அலறினாள். "ஐயோ சார், நீங்க இங்கயா இருக்கீங்க?"

இருபத்தைந்து நிமிடம் தாமதம். பேச்சாளர் நல்ல மனிதர். மேடை ஏறிப் பெட்டியைத் திறந்து, ரப்பரில் செய்த ஒரு பெரிய இதயத்தை எடுத்தார். அது அமுக்கினால் துடிக்கும். அரங்கில் கை மாறி கை மாறிப் போயிற்று. கதவோரம் நின்று பூதக்கண்ணாடி அதைப் பார்த்தாள். காதெல்லாம் சுட்டது. பத்தொன்பது வருடத்தில் ஒரு பிழைகூட அவள் பெயரில் இல்லை.

மதியம் சரக்கு இறக்கும் இடத்தில், பதினான்கு பேர் முன்னால், முதலாளியம்மா அவளைக் கிழித்துத் தோரணம் கட்டினார். "பெட்டியைத் திறந்து பார்க்கத் தோணலையா? பட்டியல்ல பேரு இருக்கான்னு பார்க்கத் தோணலையா? ஓடிவந்து என்கிட்ட சொல்லக் கால் இல்லையா?" பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சேனலை மாத்தினது யாரு?"

விசில் மெல்லக் கையை உயர்த்தினார்.

"அப்போ இதுல பாதித் திட்டு உனக்கு. எடுத்துக்கோ." முதலாளியம்மா போய்விட்டார்.

அவள் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள். விசில் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, பெட்டியில என்னன்னு கேட்டதுக்கு அவரு இதயம்னாராமே?"

"ஆமா."

"நீங்க என்ன நினைச்சீங்க?"

"திமிரு பிடிச்ச ஆளுன்னு நினைச்சேன்."

"நானா இருந்தா போலீசையே கூப்பிட்டிருப்பேன்."

வயர்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பேஜ் பெண். அடக்கப் பார்த்து முடியாமல் அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து யாரும் அவளை மேடம் என்று கூப்பிடவில்லை. ஒரு தப்புச் செய்ததும்தான் அவளை மனுஷியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மாலையில் செவிலியர்கள் கிளம்பும்போது, மயங்கி விழுந்த கதை சொன்ன அந்த வயதான அம்மா வரவேற்பு மேசைக்கு வந்து அவள் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

அடுத்த மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பழைய அலுவலகத்தின் சின்ன அறை. பிரிவுத் தலைவரும், வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரியும். அந்த நிறுவனம் வேலை தருவதாகச் சொன்னதை மேலிடத்துக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார்கள்.

"அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன். ஃபைல்ல இருக்கு."

"ஃபைல்ல இல்லையே" என்றார் பிரிவுத் தலைவர். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் முத்திரை குத்திய நகலை எடுத்து மேசையில் வைத்தாள். வெளி அதிகாரி தபால் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதே தேதி, அதே எண். பால்கனியை மூடச் சொன்ன உத்தரவையும் படித்தார். அவள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் பழைய மேசைத் தோழி போன் செய்தாள்.

"உன் காகிதம் கிடைச்சிடுச்சு. அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சாம்."

"அந்த அலமாரி சுவரோட சேர்த்து அடிச்சது. அதுக்குப் பின்னாடி எப்படி விழும்?"

"எனக்கென்ன தெரியும். நீ நல்லா இருக்கியா?" என்றாள் தோழி.

யார் எடுத்தார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அதைவிட அவளை அரித்தது, விசாரணை முடிந்து எழுந்தபோது அந்த வெளி அதிகாரி சாதாரணமாகக் கேட்ட ஒரு கேள்வி. "அவங்க உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு எப்பவாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. தோழி போன் செய்த மறுநாள், காலி அரங்கில் கம்பளம் விரிந்துகொண்டிருந்தபோது, முதலாளியம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்.

அவர் போன்களைக் கழுத்திலிருந்து கழற்றி நாற்காலியில் வைத்தார். "முதல்ல சொன்னப்பவா? உங்க வாயை அடைக்கத்தான். நூத்திநாற்பது சீட்டு போன எரிச்சல். அடுத்து பெரிய நிகழ்ச்சி ஒண்ணு வர இருந்துச்சு. உள்ள இழுத்துப் போட்டுட்டா தொல்லை விட்டுச்சுன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"நீங்க டீயை வச்சுட்டுப் போய் எழுதிக் கொடுத்துட்டீங்க. அதுக்கப்புறம்தான் நிஜமாவே நீங்க வேணும்னு தோணுச்சு. ஆனா மறுபடி எப்படிக் கேட்கறது? மறுபடியும் எழுதிக் கொடுப்பீங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. தான் முதல் நாள் சந்தேகப்பட்டது சரிதான் என்பதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அலமாரிகளைத் துடைத்தாள், ஏற்கெனவே மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். கணவர் எதுவும் கேட்காமல் சுற்றி வளைத்து நடந்தார். மூன்றாம் நாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருடத்தில் அவள் கேட்ட கேள்விகளுக்கு எல்லோரும் தங்களுக்குச் சாதகமான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். விளக்கு நல்லாத்தானே எரியுது. அலமாரிக்குப் பின்னாடி விழுந்துச்சாம். தனக்கே கெட்ட பெயர் வருகிற மாதிரி ஒரு பதிலை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாள்.

அது மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நாலாம் நாள் பொம்மை செய்கிறவர்களின் கண்காட்சிக்கு அரங்கு தயாராகும் நாள். ஒரு முழுப் பொம்மை ரயிலையே கூரையிலிருந்து தொங்கவிடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதை யார் எப்படிக் கட்டுகிறார்களோ என்று நினைத்தால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

காலை ஏழு மணிக்கே போய் முதலாளியம்மாவின் முன்னால் நின்றாள். "இனி நான் வேண்டாம்னு சொன்னா கதவு திறக்கக் கூடாது. நீங்க சொன்னாலும் திறக்கக் கூடாது. எழுத்துல வேணும்."

முதலாளியம்மா இருக்கை வரைபடத்தைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்துத் தேதி போட்டு வாங்கினாள். பிறகு ரயிலைத் தொங்கவிடும் கொக்கிகளைப் பார்க்க ஏணியில் ஏறினாள். இரண்டு கொக்கிகளை மாற்றச் சொன்னாள்.

இப்போது ஆறு வருடம் ஆகிறது. அந்த நிறுவனத்தின் எந்த நிகழ்ச்சியும் அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் தொடங்குவதில்லை. முதல் ஆள் உள்ளே வரும்வரை அவள் யாரையும் நம்புவதில்லை. கடைசி ஆள் வெளியே போகும்போது மட்டும் கொஞ்ச நேரம் கதவோரம் நின்று முகங்களைப் பார்க்கிறாள். பிறகு, அவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போனார்களா என்று நாற்காலிகளுக்கு அடியில் தேடப் போகிறாள்.

போன மாதம் அவளுடைய கணவர் முதல் தடவையாக அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். வாகன உதிரி பாகங்கள் கண்காட்சி. அவளைத் தேடிக்கொண்டு வந்தவர், தூரத்தில் அவள் ஒரு ஒல்லியான ஆளோடு ஏதோ பேசி வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவள் அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "யாரு அது?" என்றார்.

"விசில். சொல்லியிருக்கேனே."

"எதுக்கு இவ்வளவு பாசமா அக்கா அக்காங்கறான்? என்ன வேணுமாம் அவனுக்கு?"

அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விசில் இரண்டு விரலை வாயில் வைத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் ஆறு வருஷமா அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றாள்.